ஊமை வண்டியும் முத்தாள் கையும்

அரிமளத்தில் முத்தாள் என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். பாத்திரம் விளக்குகிற முத்தாள் என்றால் ஒருத்திதான். அவள் ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண். பதினாறு வயதில் அரிமளத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். எட்டு வருஷம் குடித்தனம். கிணறு வெட்டப் போன புருஷன் மண் சரிந்து உள்ளேயே போய்விட்டான். அதற்குப் பிறகு செட்டியார் வீடுகளில் பாத்திரம் விளக்கத் தொடங்கினாள். யுத்தம் நடந்த நாளில் அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

செட்டியார் வீடுகளில் பாத்திரம் என்பது அடுப்படியில் புழங்குகிற நாலு சாமான் இல்லை. அண்டா, தவலை, கொப்பரை, குத்துவிளக்கு என்று அறை நிறைய அடுக்கியிருக்கும். கல்யாணம் வந்தால்தான் அவை வெளிச்சத்தைப் பார்க்கும். வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்து கறுத்துப்போனதை எல்லாம் பத்துப் பெண்கள் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு வாரம் விளக்குவார்கள். அந்தப் பத்துப் பேரில் முத்தாளுக்கென்று ஒரு பங்கு தனியாக ஒதுங்கும். கூஜா, பன்னீர்ச்செம்பு, கெண்டி என்று கழுத்து ஒடுங்கின சாமான் பூராவும் அவளிடம் வரும். மற்றவர்கள் வெளியே பளபளவென்று தேய்த்துவிட்டு உள்ளே தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிடுவார்கள். முத்தாள் அப்படி விடமாட்டாள். ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகுவாள். எடுத்துப் பார்ப்பாள். துணி வெள்ளையாக வருகிறவரைக்கும் திருகுவாள். அந்த நேரத்தில் யார் என்ன பேசினாலும் அவள் காதில் விழாது என்று சொல்வார்கள். உண்மையில் எல்லாமே விழும். பதில் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் வாடிக்கையாக வேலை பார்த்தது நாச்சியப்ப செட்டியார் வீட்டில். அந்த வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. பெட்ரோல் ஊற்றி ஓட்டுகிற கார் இல்லை. செட்டியாரின் தகப்பனார் காலத்தில் கப்பலில் வந்த மின்சாரக் கார். நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, பெரிய தீபக்கூண்டுக்குச் சக்கரம் போட்டதுபோல் உயரமாக இருக்கும். ஓடும்போது சத்தமே வராது. தெருவில் கோழி மிதிபட்ட பிறகுதான் வண்டி வந்தது தெரியும். அதனால் ஊரில் அதற்கு ஊமை வண்டி என்று பெயர். பெட்ரோல் கார் வாங்கியதும் இதை மூலையில் தள்ளித் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். இருபது வருஷம் அப்படியே கிடந்தது.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் ஊமை வண்டியின் நினைப்பு வந்தது. புதுக்கோட்டையிலிருந்து ராசு மேஸ்திரி வந்து பார்த்தார். திருச்சியில் பெட்ரோல் இல்லாமல் முடங்கிக் கிடந்த பஸ்களின் பேட்டரிகளை வாங்கிவரச் செய்து, சீட்டுக்கு அடியில் வரிசையாக அடுக்கி, ஒன்றோடு ஒன்று கோத்து வண்டியை ஓடவைத்துவிட்டார். விளக்கு எரிய வீட்டில் ஏற்கெனவே எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் இருந்தன. அங்கிருந்து கொட்டகைக்கு ஒரு வயர் இழுத்தார்கள். வயரின் நுனியில் மரப்பிடி போட்ட பித்தளைச் செருகி. காரின் முன்பக்கம், விளக்குக்குக் கீழே, அது போய்ச் செருகுகிற பித்தளை வாய். வட்டமான வாய்க்கு நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒரு குமிழ் நிற்கும். செருகியின் உள்ளே அந்தக் குமிழ் போய் உட்கார ஒரு குழல் இருக்கும். செருகியை அழுத்தி எஞ்சினை ஓட்டினால் வண்டிக்குள் இருக்கிற வட்டக் கண்ணாடியில் முள் ஏறும். முள் ஏறினால் வண்டி சாப்பிடுகிறது என்று அர்த்தம். ஒரு வயிற்றுக்குத் திருமயம் போய்த் திரும்பி வந்துவிடும்.

டிரைவர் பெரியண்ணன் அதைத் தன் வீட்டுப் பசுமாட்டைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டான்.

அந்த வருஷம் புரட்டாசி முடிகிற நேரத்தில் ஆயுத பூசை வந்தது. முதல் நாளே முத்தாளைக் கூப்பிட்டு வண்டியில் இருந்த பித்தளையை எல்லாம் விளக்கச் சொன்னாள் நாச்சம்மை ஆச்சி. செட்டியாரின் மனைவி அவள். முத்தாள் கதவுப் பிடி, விளக்கு வளையம், முன்பக்கத்து வாயின் விளிம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வைத்தாள். பூசையன்று அவள் கிட்டே வரவில்லை. தாலி அறுத்தவள் பூசையில் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் கிடையாது. கொட்டகைக்கு வெளியே வேலியோரத்தில் நின்று பார்த்தாள். மறுநாள் விஜயதசமி. எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில் பெரியண்ணன் செருகியைச் செருகினான். அன்றைக்கு முள் பாதிதான் ஏறியது. மறுநாள் இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

அவசரம் இல்லாத நாளாக இருந்தால் பரவாயில்லை. செட்டியாரின் தங்கை உண்ணாமலை ஆச்சிக்கு மூன்று தெரு தள்ளி வீடு. அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுப் பெண்கள் ரயிலில் வந்து திருமயத்தில் இறங்குகிறார்கள். பெட்ரோல் இல்லாத காலத்தில் சத்தமில்லாத கார் வந்து உங்களை ஏற்றிக்கொள்ளும் என்று உண்ணாமலை ஆச்சி முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டாள். மாட்டு வண்டி அனுப்பினால் அவள் எழுதின எழுத்து என்னாவது?

திங்கட்கிழமை ராசு மேஸ்திரி வந்தார். ஒல்லியான மனுஷர். காதில் பென்சில். எதையும் உடனே கழற்ற மாட்டார். முதலில் சுற்றி வந்து பார்ப்பார். ஒரு பல்பில் இரண்டு வயரைக் கட்டி, செருகியின் நுனியில் தொட்டுப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. செருகிவரைக்கும் மின்சாரம் வருகிறது. பிறகு வேறு வயர் போட்டு நேரே பேட்டரியில் தொட்டார். முள் ஏறியது. கூடவே பொறி பறந்து சீட்டுத் தோலில் கால் ரூபாய் அகலத்துக்குக் கருகியது.

"பேட்டரியில வெளிப்படுற வாயுவுக்கு இந்தப் பொறி ஆகாதுங்க" என்று வயரை எடுத்துவிட்டார் மேஸ்திரி.

"தெனம் இப்புடி மத்தாப்புக் கொளுத்தித்தான் ஓட்டணும்னா மாட்டு வண்டியே போதுமப்பா" என்றார் செட்டியார்.

"டைனமோ நல்லாருக்குங்க. வயரு நல்லாருக்கு. பேட்டரி நல்லாருக்கு. கோளாறு வாயிலதான்."

"ஊமையாத்தான் இருந்துச்சு. இப்பப் பட்டினியும் கெடக்கு" என்றான் பெரியண்ணன்.

மேஸ்திரி அந்த வாயை முன்னால் பார்த்தார், பின்னால் கழற்றிப் பார்த்தார். வயர் இறுக்கமாக இருந்தது. குமிழை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். விளிம்பைத் தேய்த்தார். எஞ்சினை ஓட்டிச் செருகினால் முள் அசையவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுல உள்ளுக்குள்ள ஏதோ பூச்சு இருந்திருக்கணும். அது போயிருச்சுன்னா கரண்டு புடிக்காது. இத யாரும் புளி போட்டு வெளக்குனீங்களா?" என்று கேட்டார்.

பெரியண்ணன் தலையைச் சொறிந்தான். "பூசைக்கு முத்தக்காதாங்க வெளக்குச்சு."

உண்ணாமலை ஆச்சி அன்றைக்கு அங்கேதான் இருந்தாள். வண்டி என்னாயிற்று என்று பார்க்க இரண்டு வேளையும் வந்துகொண்டிருந்தாள்.

"அதான பாத்தேன். தாலியில்லாத கை. வருசத்துல ஒரு நா சாமிக்கு வைக்கிற சாமான். அதுல அந்தக் கை படலாமா? நீங்கதான் அண்ணமிண்டி எடங் குடுத்து வச்சிருக்கீங்க."

"அவ வெளக்கி எந்தச் சாமான் கெட்டுருக்கு உண்ணாமலை?" என்றாள் நாச்சம்மை. அண்ணன் மனைவியை அங்கே அண்ணமிண்டி என்பார்கள். நாச்சம்மையின் குரலில் அழுத்தம் இல்லை.

"இந்தா கெட்டுருக்குல்ல. ராசியில்லாத கை. தையில எங்க வீட்டுக் கலியாணத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். தெருவுலயும் சொல்லத்தான் போறேன். தெரிஞ்சே வச்சுக்கிட்டு அப்பறம் அழ முடியாது."

முத்தாள் பத்தடி தள்ளிக் கிணற்றடியில் இருந்தாள். அவள் கையிலிருந்த நார் நின்றது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

தையில் அந்தத் தெருப்பக்கம் நாலு கல்யாணம். முதல் கல்யாணம் உண்ணாமலை ஆச்சி வீட்டில். அங்கே முத்தாளைக் கூப்பிடவில்லை என்றால் மற்ற மூன்று வீட்டிலும் ஏன் என்று கேட்பார்கள். ராசியில்லாத கை என்று பதில் வரும். கல்யாண வீட்டில் அந்த ஒரு பேச்சு போதும். கறுத்த பாத்திரத்தைப் புளி போட்டு வெளுக்கலாம். இந்தப் பெயரை எதைப் போட்டு வெளுப்பது? பதினாறு வருஷமாக அவள் பிழைத்தது அந்த இரண்டு கையை வைத்துத்தான். புருஷன் செத்தபோதுகூட அவள் கையை யாரும் குறை சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். வராமல் இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

புதன்கிழமை காலையில் ராசு மேஸ்திரி ரம்பத்தோடு வந்திருந்தார். பித்தளை வாயை அறுத்து எடுத்துவிட்டு, வயரை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அறுத்தால் அது போனதுதான். மாற்று வாய் வாங்க யுத்தம் முடிந்து கப்பல் வரவேண்டும். செட்டியாருக்கு மனசில்லை. "கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துரு" என்றார்.

எஞ்சின் ஓடியது. மேஸ்திரி செருகியை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்தார். பெரியண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தான். தரையில் சிந்தின எண்ணெய்மேல் சாம்பலைப் போட்டுக் கூட்டுவதற்காக முத்தாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஓரமாகக் குனிந்து சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"அசையலைங்க" என்றான் பெரியண்ணன்.

அன்றைக்கும் வந்து நாச்சம்மையோடு நின்றுகொண்டிருந்த உண்ணாமலை ஆச்சி மூக்கை உறிஞ்சினாள். "என்ன அண்ணமிண்டி, இந்நேரத்துல சந்தனம் அரைக்கச் சொல்லியிருக்கீங்களா? கமகமன்னு வருது."

"இல்லையே. இன்னைக்குச் சந்தனக் கல்லையே எடுக்கல" என்றாள் நாச்சம்மை.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூசை நடந்த இடம், வாசனை இருக்கும். ஆனால் முத்தாள் சாம்பல் தூவுவதை நிறுத்தினாள். நேற்றும் முந்தா நாளும் இந்த வாசனை வந்தது. எஞ்சின் ஓடும்போதுதான் வந்தது. எஞ்சினை நிறுத்தினால் போய்விட்டது. அவள் அதைக் கவனித்திருந்தாள். ஆனால் எதற்கென்று யோசித்ததில்லை. இப்போது மேஸ்திரி செருகியைப் பிடுங்கி முக்காலிமேல் வைத்தார். வாசனையும் காரை விட்டு முக்காலிக்கு நகர்ந்தது.

முத்தாள் நிமிர்ந்தாள். மேஸ்திரி காரின் பித்தளை வாயில் ரம்பத்தை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த எஞ்சின நிப்பாட்டச் சொல்லு" என்றாள் பெரியண்ணனிடம், மெதுவாக.

"எதுக்குக்கா?"

"சொல்லேன்."

எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"மேஸ்திரி, அத அறுக்காதீங்க."

அந்த வீட்டில் வெளி ஆம்பளையிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏன் ஆத்தா, நீ ரிப்பேரு பாக்கப் போறியா?" என்றார் மேஸ்திரி.

"எனக்குப் பாத்திரந்தாங்க தெரியும். அந்த முக்காலியில இருக்கிறது கழுத்து ஒடுங்குன சாமானு. அத ஒருக்காக் குடுங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அவர் நல்ல மனுஷர். மூன்று நாள் தோற்றிருந்தவர் வேறே. வயரை டைனமோ பக்கம் கழற்றிவிட்டு, செருகியை அவளிடம் கொடுத்தார். இன்னும் கதகதவென்று இருந்தது. முத்தாள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு வெயில் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுக்குழலுக்குள் பார்த்தாள்.

"வெளியில மினுங்குது. உள்ள மினுங்கலைங்க. மஞ்சளா மட்டும் இருக்கு."

"பித்தளைன்னா மஞ்சளாத்தான் ஆத்தா இருக்கும்."

"பித்தளை மினுங்குமுங்க" என்றாள் முத்தாள். "வெறுமனே மஞ்சளா இருக்காது."

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். முந்தானை ஓரத்தில் நூலாகப் பிரிந்திருந்த துண்டைக் கிழித்து நுனியில் சுற்றினாள். தண்ணீரில் தொட்டு, ஒரு சொட்டுக்கூட விழாமல் பிழிந்து, குழலுக்குள் விட்டுத் திருகினாள். பன்னீர்ச்செம்பின் மூக்கைத் திருகுகிற அதே திருகல். எடுத்தாள். துணி மஞ்சளாக இருந்தது. மறுபடி விட்டுத் திருகினாள். இந்தத் தடவை காய்ந்து வெந்துபோன பொருக்கு ஒன்று உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மேஸ்திரி அதை எடுத்து நசுக்கி முகர்ந்தார்.

"சந்தனம்."

மேஸ்திரிதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். வாயின் குமிழில் யாரோ சந்தனம் வைத்திருக்கிறார்கள். அது ஈரமாக இருக்கும்போதே செருகியைச் செருகியதில், குமிழில் இருந்த சந்தனம் குழலுக்குள் ஏறிவிட்டது. மின்சாரம் பாயப் பாயச் சூட்டில் காய்ந்து ஓடாகப் பிடித்துக்கொண்டது. அவர் குமிழைத் தேய்த்தார், விளிம்பைத் தேய்த்தார். செருகியின் நுனியில் பல்பு எரிந்ததால் அதன் உள்ளே பார்க்கவே இல்லை.

"சாப்புடுற வாயையே மூணு நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன். ஊட்டுற கையப் பாக்கல" என்றார்.

"அது சரி. சந்தனத்த அதுக்குள்ள கொண்டுபோயி வச்சது யாரு?" என்றாள் உண்ணாமலை. "வெளக்குனவதான் வச்சிருப்பா. வேற யாரு அதுகிட்ட போனா?"

முத்தாளுக்கு யார் வைத்தது என்று தெரியும். விஜயதசமியன்றும் அவள் வேலியோரத்தில் நின்று பார்த்தாள். நாச்சம்மை ஆச்சி சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தாள். சக்கரத்துக்கு வைத்தாள், விளக்குக்கு வைத்தாள். முன்னால் வந்து குனிந்து, அந்த வட்ட வாய்க்கு நடுவே நின்ற குமிழில், பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் மோதிர விரலால் அழுத்தி, தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் முத்தாளின் பெயர் அந்த இடத்திலேயே சுத்தமாகிவிடும். அந்த வார்த்தை போய் ஆச்சியின் தலையில் விழும். நாத்தனாருக்கும் புருஷனுக்கும் மேஸ்திரிக்கும் முன்னால் விழும். முத்தாள் தன் கையில் இருந்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சம்மை அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ஆச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவளுக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறாள்.

"உண்ணாமலை" என்றாள். "தாலியில்லாத கைன்னு நேத்து நீதான சொன்ன. விசயதசமி அன்னைக்கு அந்தக் கையில சந்தனக் கிண்ணத்த யாரு குடுப்பா? யோசிச்சுப் பேசமாட்டியா?"

நாச்சம்மை ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நாந்தான் வச்சேன். நடுவுல குமிழு நின்னுச்சு. நெத்தின்னு நெனச்சுட்டேன்."

செட்டியார் தோள் குலுங்கச் சிரித்தார். "ஊரெல்லாம் நெத்தியில பொட்டு வைப்பாக. இவ வாயிக்குள்ள வச்சிருக்கா."

"ஒங்களுக்குக் காரு வாங்கத் தெரிஞ்சுச்சு. அதுக்கு மூஞ்சி எது, வாயி எதுன்னு சொல்லத் தெரிஞ்சுச்சா?" என்றாள் ஆச்சி. பெரியண்ணன் சிரிப்பை அடக்க வண்டிக்குள் குனிந்துகொண்டான்.

முத்தாள் குழலைத் துணி வெள்ளையாக வருகிறவரைக்கும் திருகினாள். ஈரம் போக உலர்ந்த துணியால் இரண்டு தடவை திருகினாள். வெயிலில் காட்டிப் பார்த்து மேஸ்திரியிடம் கொடுத்தாள். மேஸ்திரி வயரைப் பூட்டினார். எஞ்சின் ஓடியது. செருகியை லேசாகத்தான் தள்ளினார். முள் ஒரு துள்ளுத் துள்ளி ஏறி, பழைய இடத்தில் போய் நின்றது.

"சாப்புடுதுங்க" என்றான் பெரியண்ணன்.

ரம்பத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார் மேஸ்திரி. துடைப்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஈர்க்கை உருவி, நூலால் கட்டி, அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டார். பிற்பாடு புதுக்கோட்டையில் அவர் கடைக்குப் போனவர்கள் ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே ஈர்க்குக் கட்டு இருப்பதைப் பார்த்து எதற்கென்று கேட்பார்களாம். அரிமளத்தில் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தது என்பாராம். வேறெதுவும் சொல்லமாட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊமை வண்டி சத்தமில்லாமல் திருமயத்துக்குப் போனது. உண்ணாமலை ஆச்சி அண்ணன் வீட்டிலேயே வந்து காத்திருந்தாள். சம்பந்திகளை முதலில் இங்கே இறக்கிக் காப்பி கொடுத்துவிட்டு, பிறகு தன் வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. கொஞ்ச நேரம் முன்கட்டில் இருந்தாள். கொஞ்ச நேரம் அடுப்படியில் இருந்தாள். கடைசியில் கிணற்றடிக்கு வந்தாள். முத்தாள் தனியாக உட்கார்ந்து குத்துவிளக்குகளை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"முத்தாளு, தையில வந்துரு. நாள் குறிச்சதும் சொல்லிவிடுறேன்."

முத்தாள் எழுந்து நின்றாள். கை நிறையப் புளி. "வேற ஆளப் பாத்துட்டதாச் சொன்னீங்க ஆச்சி."

"அது ஏதோ கோவத்துல சொன்னது. நீ மனசுல வச்சுக்காத."

முத்தாள் சரி என்று தலையாட்டுவாள் என்று உண்ணாமலை நின்றாள். எந்த வீட்டிலும் அவள் தலையாட்டாமல் இருந்தது கிடையாது.

"என்ன, வருவியா?"

"வாரேன் ஆச்சி. ஆனா நாலு பேரு கேக்கச் சொன்னத இப்பக் கெணத்தடியில வந்து சொன்னா எப்புடிங்க? நீங்க தெருவுல சொல்லுவேன்னு சொன்னீங்க. சொல்லியிருப்பீங்க. எங் கையி எப்புடின்னு இப்ப எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். மத்த மூணு வீட்டுக்கு யாரு சொல்லுவா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உண்ணாமலை ஆச்சியின் முகம் சிவந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். முத்தாள் உட்கார்ந்து நாரை எடுத்தாள். போயிற்று, நாலு கல்யாணமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. வந்ததே யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஐந்து பேர், அக்கம்பக்கத்து ஆச்சிகள் ஏழெட்டுப் பேர், இரண்டாங்கட்டு நிறைந்துவிட்டது. காரைப் பற்றித்தான் பேச்சு. தண்ணிக்குள் மீன் போகிற மாதிரிப் போனது என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

"முத்தாளு, இங்கிட்டு வா" என்று உண்ணாமலை ஆச்சியின் குரல் கேட்டது.

முத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா" என்றாள் உண்ணாமலை. வந்தாள். உண்ணாமலை ஆச்சி தண்ணீர் குடித்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிறவள்போல் ஒரே மூச்சில் சொன்னாள்: "இவ கையப் பத்தி நான் ஒரு சொல்லு சொல்லிட்டேன். செவ்வாக்கெழம சொன்னேன். பக்கத்து வீட்டு ஆச்சி ரெண்டு பேருக்குத் தெரியும். அது தப்பு. காரு நின்னு போயி மேஸ்திரி அறுக்க இருந்தாரு. கோளாறக் கண்டுபுடிச்சு ஓட விட்டது இந்தக் கையிதான். இந்தக் கையி இல்லாட்டி நீங்கள்லாம் இன்னைக்கு மாட்டு வண்டியில ஆடி ஆடி வந்திருப்பீங்க. தையில எங்க கலியாணத்துச் சாமான் பூரா இவ பொறுப்பு."

நாச்சம்மை ஆச்சி காப்பி டம்ளரை வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு உண்ணாமலையைப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் முத்தாளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுக்கும் நாலு நாளு அனுப்பி வையுங்க. எங்க பக்கம் பன்னீர்ச்செம்ப ஒழுங்கா வெளக்க ஆளில்ல. போன கலியாணத்துல தெளிச்சா பன்னீரே வரல, பாசிதான் வந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, "எங்களுக்கு முடிஞ்ச பெறகுதான் வெளியூரு" என்றாள்.

முத்தாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் சூடேறியது. எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். புளியில் ஊறி, விரல் நுனி சுருங்கி, நகம் வெளுத்துப்போன கை. அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.

"புளி மட்டும் பழசா எடுத்து வைக்கச் சொல்லுங்க ஆச்சி" என்றாள் உண்ணாமலையிடம். "புதுப் புளியில வெளக்குனா மூணு நாள்ல மங்கிப் போயிரும்."